தள்ளி நிற்கச் சொன்ன குரல்

கல்யாணங்களுக்கு வீடியோ எடுத்துக்கொண்டிருந்த காலத்தில் அவர் வாயைத் திறந்தாலே "ஃபோகஸ், ஃபோகஸ்" என்பார். அதுவே பெயராக ஒட்டிக்கொண்டது. அவரைப் பிடிக்காதவர்கள் அதை, போலி என்ற அர்த்தத்தில், 'போகஸ்' ஆக்கினார்கள். பிடித்தவர்களும் சமயத்தில் அப்படித்தான் கூப்பிட்டார்கள். அவர் கோபித்துக்கொள்வதில்லை. ஊரில் பாதிப் பேருடைய கல்யாணத்தை நான்தானே எடுத்தேன், சொல்லிவிட்டுப் போகட்டும் என்பார்.

தோள்பட்டை தேய்ந்து கேமராவை இறக்கி வைத்துப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. இப்போது மாடியில் தட்டி வைத்துப் பிரித்த ஒரு சின்ன அறைதான் கடை. பழைய கேசட், போட்டோ, நெகட்டிவ் எது கொண்டுவந்தாலும் டிஸ்க்கில் மாற்றிக் கொடுக்கிற வேலை. போட்டோக்களை ஸ்கேன் செய்வது மனைவியின் பொறுப்பு. கேசட் அவருடையது. கேசட்டில் அவசரம் நடக்காது. மூன்று மணி நேரம் ஓடுகிற கேசட்டை மாற்ற மூன்று மணி நேரம் ஆகும். அதற்கு முன்னால் மூடியைக் கழற்றி, நாடாவில் பூத்திருக்கும் பூஞ்சையைத் துடைத்து, காயவிட்டு, திரும்ப மாட்ட வேண்டும்.

ஒரு மத்தியானம் மருந்துக்கடைக்காரம்மா படியேறி வந்தார். இரண்டு தெரு தள்ளி மருந்துக்கடை வைத்திருப்பவர். இந்தப் பக்கம் குடிவந்து நாலைந்து வருடம்தான் இருக்கும். ஃபோகஸ் தன் பிரஷர் மாத்திரையை மாதாமாதம் அவரிடம்தான் வாங்குவார். அந்தம்மா பையிலிருந்து மூன்று கேசட்டும் ஒரு ஆல்பமும் எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"என் கல்யாண கேசட் சார். போட்டுப் பார்க்கிற மெஷின் வீட்ல கெட்டுப்போய் ரெண்டு வருஷமாச்சு. டிஸ்க்ல போட்டுக் குடுத்துடுங்க. அப்புறம் கேசட்ட நீங்களே தூக்கிப் போட்டுடுங்க. எங்ககிட்ட இருந்து என்ன ஆகப்போகுது?"

மறுநாள் முதல் கேசட்டை ஓடவிட்டார். இரண்டு நிமிடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஒரு பூவில் ஆரம்பித்து மெதுவாகப் பின்வாங்கி மேடை முழுவதையும் காட்டுகிற அந்த விதம் அவருடையது. மண்டபம் அடையாளம் தெரியவில்லை, மணமக்களும் தெரியவில்லை. இருபத்திரண்டு வருடத்துக்கு முந்திய மேக்கப்புக்குள் மருந்துக்கடைக்காரம்மாவை யாரால் கண்டுபிடிக்க முடியும்? ஆனால் கேமரா தன்னுடையது என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

"இங்க வா, இங்க வா" என்று மனைவியைக் கூப்பிட்டார். "இது நான் எடுத்தது. அந்தக் காலத்துலயே எப்படி எடுத்திருக்கேன் பாரு."

ஹெட்போனைப் பிடுங்கிவிட்டு ஸ்பீக்கரில் சத்தத்தை வைத்தார். மனைவி ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். திரையில் பெண் வீட்டார் வரிசையாக வந்து நின்றார்கள். ஓரத்தில் பதினேழு பதினெட்டு வயதுப் பெண் ஒருத்தி வந்து நிற்கப் போனாள். சரியாகத் தெரிவதற்குள் ஸ்பீக்கரில் ஒரு குரல் அதட்டியது.

"ஏம்மா, மூஞ்சில வெள்ளத் தழும்பு இருக்கிற பொண்ணு! நீ கொஞ்சம் வெளிய போ. அதுல லைட் அடிக்குது."

அந்தப் பெண் படத்திலிருந்து போய்விட்டாள்.

மனைவி திரும்பிக் கணவரைப் பார்த்தார். அவர் சட்டென்று சத்தத்தைக் குறைத்தார். "அப்பல்லாம் அப்படித்தான் பேசுவோம். கூட்டத்துல கத்தலைன்னா ஒருத்தரும் நகர மாட்டாங்க" என்றார். மனைவி எழுந்துபோய் ஆல்பத்தின் அடுத்த பக்கத்தைப் புரட்டினார். ஆல்பத்திலும் அந்தப் பெண் இல்லை.

மற்ற இரண்டு கேசட்டையும் அடுத்தடுத்த நாளில் ஹெட்போனோடுதான் ஓட்டினார். அதே குரல் விடாமல் வந்துகொண்டிருந்தது. மணமகளின் பக்கத்தில் அந்தப் பெண் உட்கார்ந்தால், கேமரா அங்கே திரும்பும் முன்பே, "அந்தப் பொண்ணு எந்திரி." சாப்பிடுகிற இடத்தில், "அத அந்தப் பக்கம் திருப்பி உக்காரச் சொல்லுங்க." அவளை 'அது' என்றுகூடச் சொல்லியிருந்தார். கடைசியாக, குடும்பம் முழுவதும் மேடையில் கூடியபோது, "எத்தனை தடவ சொல்றது? தள்ளிப் போம்மா!"

அதற்கு அவள் பதில் சொன்னாள். பச்சைத் துணி மூடிய ஒரு தோள் மட்டும் திரையின் ஓரத்தில் இருந்தது. சிரித்துக்கொண்டேதான் கேட்டாள்.

"எவ்ளோ தூரம்ணா?"

ஃபோகஸ் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டார். அந்தக் கேள்விக்கு அன்றைக்குத் தான் என்ன பதில் சொன்னோம் என்று கேட்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

அன்று சாயங்காலம் டிஸ்க்கில் போடப்போகும் பிரதியில் சத்தத்தை மொத்தமாக அழித்தார். முதலிலிருந்து கடைசிவரை புல்லாங்குழல் இசையை ஓடவிட்டார். கம்ப்யூட்டரில் சத்தத்தோடு இருந்த மூலப்பதிவையும் நீக்கினார். கேசட்டுகளைக் கழிவுச் சாக்கில் போட்டுவிட்டு, "ஒரே இரைச்சல், ஒண்ணும் கேக்கல. அதான் மியூசிக் போட்டுட்டேன்" என்று மனைவியிடம் தானாகவே சொன்னார். மனைவி கேட்கவே இல்லை.

டிஸ்க் போய் நாலாவது நாள், கடையைத் திறந்த கையோடு மருந்துக்கடைக்காரம்மா வந்தார். மூச்சு வாங்கியது. உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"சார், பாட்டு யாரு போடச் சொன்னா?"

"கேசட்ல இரைச்சல் ஜாஸ்திம்மா. கேக்க நல்லா இருக்காதுன்னுதான்..."

"இரைச்சல் இருந்தா இருந்துட்டுப் போகட்டும். எனக்குச் சத்தம்தான் வேணும்." அந்தம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டார். "மூணாவது கேசட்ல என் தங்கச்சி பேசுவா சார். வீடியோ எடுத்தவன் அவள வெரட்டிக்கிட்டே இருப்பான். 'எவ்ளோ தூரம்ணா'ன்னு கேப்பா. அது ஒண்ணுதான் இருக்கு. போன வருஷம் மஞ்சக் காமாலையில போயிட்டா. என் கல்யாணத்துக்கு அப்புறம் அவ ஒரு போட்டோவுக்கும் நிக்கல. யாராவது போனத் தூக்கினாக்கூட உள்ள போயிடுவா. ஆபீஸ் கார்டுல தபால்தலை அளவுக்கு ஒரு படம். அதுவும் அழிஞ்சுபோச்சு."

ஃபோகஸ் நாற்காலியிலிருந்து எழுந்தார். "பாக்கறேம்மா" என்று சொல்லி உள்ளே போனார். கழிவுச் சாக்கைக் கவிழ்த்தார். யார் யாருடைய கேசட்டோ தரையெல்லாம் உருண்டன. இரண்டு தடவை தேடியும் அந்த மூன்று மட்டும் இல்லை. நேற்றுத்தான் ஒரு சாக்கைக் குப்பை வண்டியில் ஏற்றினார்கள். தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

மனைவி ஸ்கேனரின் அடியிலிருந்த இழுப்பறையைத் திறந்து மூன்று கேசட்டையும் எடுத்து அவர் மடியில் வைத்தார். "கேட்டு வருவாங்கன்னு தோணுச்சு" என்றார். திரும்பிப் போய் ஸ்கேனர் முன்னால் உட்கார்ந்தார். திட்டியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது அவருக்கு.

வெளியே வந்து, "இருக்கும்மா. நாளைக்கு இதே நேரத்துக்கு வாங்க" என்றார்.

அன்று முழுவதும் வேறு வேலை தொடவில்லை. மூன்றாவது கேசட்டின் நாடா ஓரிடத்தில் சுருங்கியிருந்தது. அதைப் பிரித்து, துடைத்து, புதுக் கேசட் கூட்டுக்குள் மாற்றினார். இந்தத் தடவை அந்த இடம் வந்தபோது ஹெட்போனைக் கழற்றவில்லை. "எவ்ளோ தூரம்ணா?" என்று அவள் கேட்டாள். "நான் கண்ணால பாக்காத தூரம்" என்றது அவருடைய குரல். சுற்றியிருந்த நாலைந்து பேர் சிரித்தார்கள். அவள் சிரித்தது அதற்குள் நின்றிருந்தது. தோள் மெல்ல விலகிக் காணாமல் போனது. அதன்பிறகு குடும்பப் படம் அழகாக, ஒழுங்காக அமைந்தது.

அவளுடைய மூன்று சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு தன் குரலை நறுக்கிவிட அவருக்கு இரண்டு நிமிடம் போதும். கத்தரிப்பதற்கான கோட்டைக்கூடத் திரையில் போட்டுவிட்டார். பிறகு அதை எடுத்துவிட்டார். மறுபடியும் போட்டார். கடையை மூடும்வரை இதே வேலையாக இருந்து, கடைசியில் வெட்டாமல் அப்படியே விட்டுவிட்டு எழுந்தார்.

மறுநாள் அந்தம்மா வந்ததும் ஹெட்போனை மாட்டிக்கொடுத்து அந்த இடத்தைப் போட்டுக் காட்டினார். அந்தம்மா மூன்று தடவை கேட்டார். மூன்றாவது தடவை உதடு அசைந்தது. தங்கையோடு சேர்ந்து தானும் அந்தக் கேள்வியைக் கேட்டார் போல.

"வேணும்னா அந்த ஆள் பேசறத வெட்டிட்டு, அவங்க குரல மட்டும் தனியா எடுத்துத் தரேம்மா" என்றார் ஃபோகஸ்.

"வேணாம் சார். அவ யாருக்குப் பதில் சொல்றான்னு தெரிய வேணாமா?"

மனைவி ஸ்கேனரை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். ஃபோகஸ் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"அந்த ஆளு நான்தாம்மா."

அந்தம்மாவுக்கு முதலில் புரியவில்லை. ஹெட்போனைக் கழற்றினார். "என்ன சொன்னீங்க?"

"உங்க கல்யாணத்த எடுத்தது நான்தான். அந்தக் குரல் என்னோடது. இந்தக் கேசட்ட ஓட்டறப்பதான் எனக்கே தெரிஞ்சுது. இரைச்சல்னு சொன்னது பொய். என் சத்தம் கேக்கக் கூடாதுன்னுதான் பாட்டப் போட்டேன்."

அந்தம்மா அவருடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தார், இத்தனை வருடம் கேட்ட குரல் அங்கிருந்துதான் வருகிறதா என்று பார்ப்பது மாதிரி.

"எங்க வீட்ல யாராவது அவள ஒதுக்கச் சொன்னாங்களா? அப்படி இருந்தா சொல்லிடுங்க. நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்."

ஆமாம் என்று சொல்லிவிடலாம். யாரோ ஒரு பெரியவர் காதில் வந்து சொன்னார், பெயர் ஞாபகமில்லை என்றால் போதும். பாதிப் பாரம் இறங்கிவிடும். வாய்வரை வந்தது.

"இல்லம்மா. யாரும் சொல்லல. நானாத்தான் சொன்னேன். படம் நல்லா வரணும்னு."

"படம் நல்லாத்தான் வந்திருக்கு" என்றார் அந்தம்மா. புது டிஸ்க்கையும் மூன்று கேசட்டையும் பைக்குள் வைத்துக்கொண்டு படியிறங்கிப் போனார்.

அதன்பிறகு ஃபோகஸ் தன் மாத்திரைக்குப் பேருந்து ஏறி வேறொரு கடைக்குப் போனார். மருந்துக்கடைத் தெருவையே சுற்றிக்கொண்டு நடந்தார். தெருவில் யாராவது "என்ன போகஸ்!" என்று வேடிக்கையாகக் கூப்பிட்டால் முன்பு சிரிப்பவர், இப்போது காது கேளாதவர் மாதிரி நடந்தார். இரண்டு மாதம் இப்படியே போனது. ஒருநாள் மனைவி காலி மாத்திரை அட்டையைக் கையில் கொடுத்தார்.

"எவ்ளோ நாளைக்கு ஒளிவீங்க? அந்தக் கடைக்கே போய் வாங்கிட்டு வாங்க."

போனார். மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்று வழியெல்லாம் சொற்களை அடுக்கிக்கொண்டு போனார். கடையில் வேறு யாரும் இல்லை. அந்தம்மா அட்டையை வாங்கிப் பார்த்து, அலமாரியிலிருந்து மாத்திரையை எடுத்துக் காகித உறையில் போட்டார். கொடுக்காமல் கையில் வைத்துக்கொண்டார்.

"உங்கள ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன் சார். நாங்க எல்லாரும் அன்னைக்கு கேமராவத்தான் பாத்துக்கிட்டு இருந்தோம். நீங்கதான் கேமராக்குள்ள அவள நேராப் பாத்தீங்க. அவ மூஞ்சி அன்னைக்கு எப்படி இருந்துச்சு? சந்தோஷமா இருந்தாளா?"

ஃபோகஸ் யோசித்தார். கண்ணை மூடிக்கூடப் பார்த்தார். பச்சைத் துணி ஞாபகம் வந்தது. கன்னத்திலிருந்து கழுத்துவரை இறங்கிய வெள்ளைத் தழும்பு, அதன் வளைவு, விளக்கு பட்டு அது மின்னியது எல்லாம் துல்லியமாக வந்தன. கண்ணோ மூக்கோ சிரிப்போ எதுவும் வரவில்லை.

"தழும்புதாம்மா ஞாபகம் இருக்கு" என்றார். "முகம் இல்ல."

அந்தம்மா தலையை ஆட்டினார். "சிரிச்சா ரெண்டு கன்னத்துலயும் குழி விழும்" என்றார். பிறகு உறையை நீட்டி, "சாப்பிட்ட அப்புறம் போடுங்க" என்றார், எல்லோரிடமும் சொல்வதுபோல.

ஃபோகஸ் வாங்கிக்கொண்டார். அடுக்கி வைத்திருந்த சொற்களில் ஒன்றையும் எடுக்கவில்லை. மன்னிப்புக் கேட்டால் அந்தம்மா ஏதாவது பதில் சொல்லியாக வேண்டும். அந்தச் சிரமத்தையும் அவருக்குக் கொடுக்க வேண்டாம் என்று நினைத்தார். அடுத்த மாதமும் அங்கேதான் வந்து வாங்க வேண்டும் என்று மட்டும் முடிவு செய்துகொண்டு, தலையைக் குனிந்தபடி தெருவில் இறங்கினார்.