வேம்பார் மணலில் வாசல் சோதனை

‘ஓய்வு நேரத்தைக் கழிப்பது எப்படி’ என்று மாலை வகுப்பில் நான் எழுதிய கட்டுரைக்கு நல்ல மதிப்பெண் கிடைத்தது. அதை எங்கள் தீப்பெட்டிக் கம்பெனி முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தது என் தவறு. அறுபத்திரண்டாம் வருஷக் காணும் பொங்கலுக்குத் தொழிலாளர்களை வேம்பார்க் கடற்கரைக்கு அழைத்துப் போகும் பொறுப்பை ஃபோர்மேன் பால்துரை என் தலையில் கட்டினார். கட்டுரை எழுதியபோது நான் கடலையும் பார்த்ததில்லை, ஓய்வையும் பார்த்ததில்லை.

முதலாளி ஒரு நிபந்தனை வைத்தார். மத்தியானம் காரில் வருவார். எங்களோடு உட்கார்ந்து சுடுசோறும் கறிக்குழம்பும் சாப்பிடுவார். எல்லாம் ஒழுங்காக நடந்தால் இனி வருஷாவருஷம் கடற்கரை. இல்லையென்றால் இதுவே கடைசி. பெட்டி ஒட்டும் மாடத்தி பஸ்ஸில் என் பக்கம் திரும்பி, அடுத்த வருஷம் தன் மகளையும் கூட்டி வருவதாகச் சொன்னாள். நான் சாமான் பட்டியலை எடுத்து இன்னொரு தடவை சரிபார்த்தேன்.

ஓய்வு என் கட்டுரையில் உள்ளபடி நடக்கவில்லை. பெட்டி ஒட்டுகிறவர்கள் முதலில், குச்சியில் மருந்து முக்குகிறவர்கள் அடுத்து என்று பால்துரை ஆட்களைப் பிரித்துக் கடலில் இறக்கினார். கால் நனைந்ததும் கரையேறச் சொன்னார். குச்சி அடுக்கும் வேலுத்தாயும் அவள் கூட்டமும் சிப்பி பொறுக்கினார்கள். யாரும் சொல்லாமலே அளவு வாரியாகப் பிரித்து அடுக்கவும் செய்தார்கள். மருந்து முக்கும் ஊர்க்காவலன் பஸ்ஸுக்கு அடியில் படுத்துத் தூங்கினார். கடல் எந்தப் பக்கம் என்றுகூட அவர் கேட்கவில்லை.

அரிசி களைந்தாயிற்று. கறி நறுக்கியாயிற்று. அடுப்பில் விறகை வைத்துவிட்டு மாடத்தி தீப்பெட்டி கேட்டாள்.

ஒருவரிடமும் இல்லை.

பஸ் கம்பெனி வாசலிலிருந்துதான் கிளம்பியது. ஏறுவதற்கு முன் வாட்ச்மேன் சோணைமுத்து, மருந்து பற்றிக்கொள்ளக் கூடாதென்று தினமும் செய்வதுபோல, எல்லாரையும் தடவிப் பார்த்து, பீடி, தீப்பெட்டியெல்லாம் வாங்கி வாசல் டப்பாவில் போட்டுவிட்டுத் தானும் பஸ்ஸில் ஏறிக்கொண்டார். நாங்களும் வழக்கம்போலக் கையைத் தூக்கிக்கொண்டு நின்றோம். பெருங்காயம் வரை யோசித்து எடுத்துவைத்திருந்த நானும் நின்றேன்.

ஊருக்குள் ஓடினேன். கடை பூட்டியிருந்தது. மீன் கூடையோடு வந்த ஒரு அம்மாளிடம் தீப்பெட்டி கேட்டேன். எந்த ஊர் என்றாள். சொன்னேன்.

“சிவகாசிக்காரன் வேம்பார்ல வந்து தீப்பெட்டி கேக்கியாக்கும்? யார்ட்ட வெளயாடுதே?” என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

வெறுங்கையோடு திரும்பினேன். அங்கே பால்துரை சோணைமுத்துவைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

“புடுங்கத் தெரிஞ்சதுல்லா? இப்ப ஒரு தீப்பெட்டி கண்டுபிடிச்சுத் தாரும். இந்தப் பக்கம் எவன் வந்தாலும் சோதிச்சுப் பாரும்.”

சோணைமுத்து தொப்பியைச் சரிசெய்துகொண்டு ரோட்டோரம் போய் நின்றார். முதலில் வந்தது முதலாளியின் கார்.

“மொதலாளி, கைய தூக்குங்க.”

கம்பெனி வாசலில் ஒருநாளும் காரைவிட்டு இறங்கியிராத முதலாளி, என்ன நினைத்தாரோ, கையைத் தூக்கிவிட்டார். சட்டைப் பையிலிருந்து சிகரெட்டும் தீப்பெட்டியும் வந்தன. பால்துரைக்கு முகம் வெளுத்துவிட்டது. நான் அடுத்த வருஷத்துக் கடலை மனத்துக்குள் அழித்துவிட்டேன்.

சோணைமுத்து தீப்பெட்டியை மாடத்தியிடம் கொடுத்தார். உரசப் போனவள் லேபிளைப் பார்த்து நிறுத்தினாள். தினமும் லேபிள் ஒட்டுகிறவள் அல்லவா.

“இது நம்ம பெட்டி இல்லையே மொதலாளி. எதிர்த்த கம்பெனி பெட்டில்லா.”

எல்லாரும் முதலாளியைப் பார்த்தார்கள். பஸ்ஸுக்கு அடியிலிருந்து ஊர்க்காவலன்கூட எழுந்து வந்தார். முதலாளி மட்டும் கடலைப் பார்த்தார்.

“காத்து நல்லா இருக்கே,” என்றார் கடைசியில். “அடுத்த வருசமும் இங்கனயே வருவோம். பிள்ளைகளையும் கூட்டிட்டு வாங்க.”

மாடத்தி குச்சியை உரசினாள். அந்தக் காற்றிலும் முதல் உரசலிலேயே பற்றிக்கொண்டது. முதலாளி கையை நீட்டி, அந்தப் பெட்டியைத் திரும்ப வாங்கிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.