பெயர் வரும் இடம்

நவம்பர் 12, புதன். பிழை: இன்று கோவிலில் மாமாவின் அடக்கப் பூசையில் பாதர் அவரைப் பற்றி அழகாக ஒரு வசனம் சொல்லி நிறுத்தியதும், என் வாய் தானாக "வாஹ்!" என்றது. மெதுவாகத்தான். ஆனால் முன்வாங்கில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

நாட்குறிப்பில் முதலில் அன்றைய பிழை, பிறகு நாளைய வேலை; பிழையை எழுதிவிட்டால் மற்றது இலேசு என்று மாலை வகுப்பு ஆசிரியை சொல்லியிருந்தார். இலேசாகவில்லை. சுலக்சனா பேனையை மூடிவிட்டு, கொதித்த தேத்தண்ணியை இறக்கினாள்.

மாமா, அதாவது அவள் புருசன் றொனியின் தகப்பன், உருதுவில் கஸல் என்ற ஈரடிக் கவிதை கட்டுபவர். மன்னாரை விட்டுக் கிளம்பி இத்தாலியில் பலெர்மோ வந்துசேருமுன் கராச்சியில் ஒரு ஹோட்டல் குசினியில் சில வருசம் நின்றார். காதால் பிடித்த மொழி, எழுத்துத் தெரியாது. லிபெர்த்தா தெருக் கட்டிடங்களில் கூலிக்கு மாடிப்படி துடைத்தபடி வாயால் கட்டுவார். கூடத் துடைக்கும் மருமகள் திருப்பிச் சொல்லிப் பாடமாக்குவாள். ஒவ்வொரு ஈரடிக்கும் "வாஹ்" சொல்லவும் அவர்தான் பழக்கினார்.

கஸலின் கடைசி ஈரடியில் கவிஞரின் பெயர் வரவேண்டும். அந்த இடத்தில் சுலக்சனா மொப் தடியால் படியில் டொக்கென்று தட்டுவாள். மாமனாரின் பெயரை எப்படி வாயால் சொல்வது?

"என்னை எந்த நாளும் தடியாலதான் அடிக்கிறாய் பிள்ளை," என்று மாமா சிரிப்பார்.

திங்கட்கிழமை ஒரு கஸலை முடித்தார். "வெள்ளிக்கிழமை தாரிக்கின்ரை கடையில சொல்லுவம். மறந்திடாதை," என்றார். அன்றிரவு நித்திரையிலேயே போய்விட்டார்.

றொனி குசினிக்குள் எட்டிப் பார்த்தான்.

"சுலா, தாரிக் அப்பான்ரை கடைசிக் கஸலைக் கேக்கிறார். அது உன்னட்டைத்தானே கிடக்கு?"

"பிழைச்சா?"

"பிழைச்சா அப்பாவே எழும்பி வந்து திருத்துவார். வா."

வியா மக்வேதா தெருவில் துணிக்கடை வைத்திருக்கும் தாரிக்கும் அவரது இரண்டு கூட்டாளிகளும் சோபாவில் இடிபட்டுக்கொண்டு இருந்தார்கள். சுலக்சனா தேத்தண்ணித் தட்டோடு கதவோரம் நின்றபடியே தொடங்கினாள். அவள் முதலடியைச் சொல்ல அவர்கள் சேர்ந்து திருப்பிச் சொன்னார்கள். இரண்டாமடி விழுந்ததும் "வாஹ்!" என்றார்கள். இங்கே யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அவளுக்குக் குரல் வந்துவிட்டது.

கடைசி ஈரடி. மாமா அதன் கருத்தைத் தமிழில் சொல்லித் தந்திருந்தார்: ஊரார் படியெல்லாம் பளபளக்கத் துடைத்தாய்.

அவர்கள் அந்த அடியைத் திருப்பிச் சொல்லிவிட்டு, அடுத்து வரும் பெயருக்காகக் காத்திருந்தார்கள். சுலக்சனா கையிலிருந்த கரண்டியால் தேத்தண்ணிக் கோப்பையில் டொக்கென்று தட்டினாள்.

தாரிக் இத்தாலியனில் மெதுவாகச் சொன்னார்: பெயர் இல்லாவிட்டால் கஸலுக்குச் சொந்தக்காரர் இல்லை, மகளே. நாளைக்கு யாரும் தன்னுடையது என்று சொல்லலாம்.

சுலக்சனா மாமியைப் பார்த்தாள். கறுப்புச் சீலையில் மூலைக் கதிரையில் இருந்த கத்தரீனா மூக்கைத் துடைத்தார்.

"என்னை என்ன பாக்கிறாய்? நானும் கலியாணம் கட்டின நாள் துவக்கம் 'இஞ்சேருங்கோ' எண்டுதான் கூப்பிட்டன். இந்த வீட்டில ஆராவது ஒராள் அந்தப் பேரைச் சொல்லுங்கோவன்."

சுலக்சனா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அல்பேட்," என்றாள். அடியின் மிச்சம் தானாக வந்தது: இறங்கும்போது பார்த்து இறங்கு, உனக்கும் வழுக்கும்.

சோபாவில் மூன்று பேரும் கையைத் தூக்கிக்கொண்டு கத்தினார்கள். "முகர்ரர்! முகர்ரர்!" மேல்வீட்டில் யாரோ ஜன்னலைத் திறக்கும் சத்தம் கேட்டது. றொனி கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தான்.

"என்னவாம் கத்தினம்?" என்றார் மாமி.

"திரும்பச் சொல்லட்டாம் மாமி."

"அப்ப சொல்லன்." மாமி கதிரையை முன்னுக்கு இழுத்துப் போட்டார். "கொஞ்சம் பலத்துச் சொல்லு."

எல்லோரும் போனபின் சுலக்சனா நாட்குறிப்பைத் திறந்து, விட்ட இடத்திலிருந்து எழுதினாள்:

நாளை: காலை எட்டுக்கு லிபெர்த்தா. படியை மேலிருந்து கீழே துடைக்க வேண்டும். மாமாவின் மொப்பைக் கழுவிக் காயவைத்து வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும்.