பாறையை மறைத்த காலை

ஸ்கார்வொய் தீவின் பெண்கள் கால்பந்துக் கிளப்புக்குத் தலைவரான டிரிக்வே, மைதானத்து ஓரப் பாறைக்கு ஒரு தீர்வு கண்டுபிடித்திருந்தார். தீர்வைக் கண்டுபிடித்தார் என்பதைவிட, தீர்வைப் பற்றிய படக்காட்சி ஒன்றைத் தயாரித்திருந்தார் என்பதே சரி. கிளப் அறையின் சுவரில் அம்புக்குறிகள் பாய்ந்தன, வட்டங்கள் ஒன்றையொன்று கட்டிப்பிடித்துக்கொண்டன. கடைசிப் படத்தில் பாறை இருந்த இடத்தில் வெள்ளையாக ஒரு மேடு.

“பாறைய ஒரு பிரச்சினையாப் பாக்காதீங்க. பனியாப் பாருங்க,” என்றார்.

யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அந்தத் தீவில் கூட்டத்தில் மௌனம் என்றால் சம்மதம். அபிப்பிராயம் என்று ஒன்று இருந்தால் அது பிறகு, கார் நிறுத்துமிடத்தில் வெளியே வரும். வந்தது.

“அத பனியாப் பாக்கணுமாம்,” என்றாள் முன்கள ஆட்டக்காரி தீரில், காரின் கதவைத் திறந்துகொண்டே. “அப்ப அதுல மோதி என் நெத்தியில போட்ட தையல? எம்ப்ராய்டரியாப் பாக்கட்டுமா?”

கோல்கீப்பர் இங்குன் சிரித்தாள். ஆனால் அவளுக்கு உள்ளுக்குள் சிரிப்பு வரவில்லை.

விஷயம் இதுதான். போன வருஷம் கிளப் ஜெயித்து மேல் பிரிவுக்குப் போய்விட்டது. கீழ்ப் பிரிவில் இருந்தவரை மைதானத்தின் வடக்கு ஓரத்தில் பாறை இருந்தாலும் ஒன்றுதான், திமிங்கிலம் படுத்திருந்தாலும் ஒன்றுதான். யாரும் வந்து பார்த்ததில்லை. மேல் பிரிவுக்கு விதிகள் வேறு. எல்லைக் கோட்டுக்கும் பாறைக்கும் நடுவே போதுமான இடைவெளி வேண்டும். சங்கத்திலிருந்து ஓர் அதிகாரி வந்து அளப்பார். இடைவெளி போதாவிட்டால், சொந்த மைதானத்தில் ஆட அனுமதி இல்லை. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் படகேறி, கடலைத் தாண்டி, அக்கரை மைதானத்தை வாடகைக்குப் பிடிக்க வேண்டும்.

இங்குன் எலக்ட்ரீஷியன். வீட்டில் இரண்டு பிள்ளைகள், கடலில் இருக்கும் கணவன். அக்கரைக்குப் போய் ஆட அவளால் முடியாது. முழங்காலில் கத்தி வைத்த பிறகு ஒரு சீசன் முழுக்கப் பெஞ்சில் போர்வை போர்த்தி உட்கார்ந்திருந்தவள், இந்தச் சனிக்கிழமை முதல் ஆட்டத்தில் மறுபடி அந்தக் கம்பங்களுக்கு நடுவே நிற்கப்போகிறாள். அனுமதி கிடைத்தால் நிற்பாள். கிடைக்காவிட்டால் கையுறைகளை மகளுக்குப் பனிமனிதன் செய்யக் கொடுத்துவிடலாம்.

ஆகவே அதிகாரி வரும் நாளன்று காலை, டிரிக்வேயின் திட்டம் எவ்வளவு அசட்டுத்தனம் என்று தெரிந்திருந்தும், துக்னாட்டுக்கு முதல் ஆளாக வந்து நின்றாள்.

துக்னாட் என்றால் கிளப்பைச் சேர்ந்த எல்லோரும் கூடி, கூலி இல்லாமல், முணுமுணுப்போடு செய்கிற வேலை. ஏப்ரல் மாதம் கால்வாசி போயும் பனி விடுவதாக இல்லை. செயற்கைப் புல் கிழிந்துவிடும் என்பதால் இரும்புக்குத் தடை. பிளாஸ்டிக் பனிவாரிகள் மட்டும். ஆட்டக்காரிகள், அவர்களுடைய புருஷன்மார், அம்மாக்கள், பல் டாக்டர், பாதிரியார் என்று ஊரில் பாதி குனிந்து பனியை அள்ளிக்கொண்டிருந்தது. வேலியோரம் ஓட்வார் வாஃபிள் சுடும் இரும்பு அச்சைச் சூடு பண்ணிக்கொண்டிருந்தார். அவரில்லாமல் அந்தத் தீவில் ஒரு காரியமும் ஆரம்பித்ததில்லை. அவர் வாஃபிள் இல்லாமல் ஒன்றும் முடிந்ததுமில்லை.

டிரிக்வே மட்டும் பனி அள்ள மாட்டார். அவர் ‘ஒருங்கிணைப்பார்’. நீளமான கம்பளிக் கோட்டு, கையில் பூங்கொத்து, கிளப் கொடி சகிதம் அதிகாரியை வரவேற்கப் படகுத்துறைக்குக் கிளம்பினார். பிரதமரையே பேர் சொல்லி ‘நீ’ என்று கூப்பிடும் நாட்டில் பிறந்துவிட்டதில் அவருக்கு உள்ளூர ஒரு வருத்தம் உண்டு. அந்த வருத்தத்தை அவர் கோட்டு தீர்த்துவைக்கும்.

அவர் போன சற்று நேரத்தில், நீல ஜாக்கெட் போட்ட ஒரு பெண் தோள் பையோடு வாசல் பக்கம் நின்று சுற்றுமுற்றும் பார்ப்பதை இங்குன் கவனித்தாள். ஐம்பதைத் தாண்டிய வயது, நல்ல உடல்வாகு, தோள் இரண்டும் பனி அள்ளவே படைத்தவை மாதிரி. யாரோ ஒருத்தியின் அம்மாவாக இருக்கும். யாருடைய அம்மா என்று கேட்க முடியாது. துக்னாட்டில் ஒருவரைப் பார்த்து ‘நீ யார்’ என்று கேட்டால், ‘இத்தனை நாள் எங்கே போயிருந்தாய்’ என்று குத்திக்காட்டியது போலாகிவிடும். அதைவிட அவமானம் அந்தத் தீவில் கிடையாது.

“ஏம்மா, பாத்துக்கிட்டே நிக்கிற? இந்தா, பிடி!” என்று ஒரு பனிவாரியை அவள் கையில் திணித்தாள்.

அந்தப் பெண் வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டாள். பையைக் கழற்றி வேலியில் மாட்டிவிட்டு, “எங்க அள்ளணும்?” என்றாள்.

“எங்கேருந்து வேணா அள்ளு. கொட்றது மட்டும் அங்க, அந்த வடக்கு மூலையில.”

“ஏன் அங்க?”

“அதுக்கடியில ஒரு பாறை இருக்கு. சங்கத்துலேருந்து யாரோ ஒருத்தி அளக்க வர்றாளாம். அவ கண்ணுல அது படக்கூடாது.”

“அப்படியா!” என்றாள் அந்தப் பெண், மிகுந்த அக்கறையோடு. “பெரிய பாறையா?”

“பாதிரியார் சைஸ் இருக்கும். படுத்த பாதிரியார்.” பக்கத்தில் அள்ளிக்கொண்டிருந்த பாதிரியார் நிமிர்ந்து பார்த்துவிட்டு, மறுக்க ஒன்றுமில்லை என்று மறுபடி குனிந்துகொண்டார்.

அவள் பெயர் விக்டிஸ் என்றாள். வேலை செய்யத் தெரிந்தவள். இங்குன் ஒரு வாரி கொட்டினால் அவள் ஒன்றரை கொட்டினாள். மேடு மளமளவென்று உயர்ந்தது.

“இந்தப் பக்கம் இன்னும் முனை தெரியுது,” என்று விக்டிஸே தள்ளி நின்று பார்த்துச் சொன்னாள்.

“நல்ல கண்ணு உனக்கு! கொட்டு, கொட்டு.”

“முன்னாடியும் இந்தப் பாறை இவ்வளவு கிட்டத்துலதான் இருந்துச்சா?”

“பாறை எங்க நகரும்? கோடுதான் நகந்துச்சு.” இங்குன் பனிவாரியால் எதிர்ப் பக்கத்தைக் காட்டினாள். தெற்கு ஓரத்தில், கண்ணாடி முகப்போடு மர வீடு ஒன்று நின்றது. நெற்றியில் ‘அரீனா பெவிலியன்’ என்று பொன்னெழுத்து. “அது எங்க தலைவரோட தாஜ்மஹால். விளம்பரம் குடுக்குறவங்க உக்காந்து பாக்க, போன கோடையில கட்டுனான். இதுவரைக்கும் உள்ள உக்காந்தது அவனும் ஒரு கடல்காக்கையும். அதுக்கு எடம் பத்தலேன்னு எல்லாக் கோட்டையும் பாறைப் பக்கம் தள்ளிப் போட்டுட்டான். தீரில் கார்னர் அடிக்கப் போனா, திரும்பி வர்றப்ப நெத்தியில ரத்தம்.”

“நீங்க யாரும் கேக்கலியா?”

“கூட்டத்துலயா?” என்றாள் இங்குன், ‘குளியலறையிலா’ என்பது போல. “கார் நிறுத்துற எடத்துல நல்லா கேட்டோம்.”

விக்டிஸ் சிரித்துச் சிரித்துப் பனிவாரியின் மேலேயே சாய்ந்துவிட்டாள்.

கடைசியில் மேட்டை வாரியின் முதுகால் தட்டித் தட்டி, குழந்தைகள் சறுக்க வசதியான குன்று மாதிரி ஆக்கினார்கள். இங்குன் ஓட்வாரிடமிருந்து இரண்டு வாஃபிள் வாங்கி வந்தாள். பழுப்புச் சீஸ் அதன் மேல் உருகி வளைந்துகொண்டிருந்தது. இருவரும் பாறையின் மேல், அதாவது பனியின் மேல், உட்கார்ந்து தின்றார்கள்.

“நீ எதுக்கு இவ்வளவு பாடுபடுற?” என்று விக்டிஸ் கேட்டாள்.

இங்குன் கோல் பக்கம் பார்த்தாள். முழங்காலையும் சனிக்கிழமையையும் பற்றி ஏதோ சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் வாசலில் சத்தம்.

டிரிக்வே திரும்பி வந்துகொண்டிருந்தார். பூங்கொத்தில் பனி. கொடி அவர் தோளில் ஈரத் துணியாகத் தொங்கியது.

“படகுல அவ வரல! மீன் தீனி லாரி ஒண்ணுதான் வந்துச்சு! ஒரு மரியாதை வேணாமா? நான் அங்க கொடியோட நிக்கிறேன், லாரி டிரைவர் எனக்குக் கையாட்டுறான்!”

“நான் முதல் படகுலயே வந்துட்டேன்,” என்றாள் விக்டிஸ், விரலில் ஒட்டிய சீஸை நக்கிக்கொண்டே. “ரெண்டாவது படகு காத்துக்கு நின்னுபோகலாம்னு சொன்னாங்க.”

இங்குன் வாயிலிருந்த வாஃபிள் அங்கேயே நின்றது.

விக்டிஸ் எழுந்து, பின்பக்கம் ஒட்டியிருந்த பனியைத் தட்டிவிட்டு, வேலியில் மாட்டியிருந்த பையிலிருந்து சங்கத்தின் அடையாள அட்டையையும் ஒரு பெரிய அளவு நாடாவையும் எடுத்தாள். மைதானத்தில் பனிவாரிச் சத்தம் ஒவ்வொன்றாக நின்றது. அனுமதியைக் கெடுக்க ஊரில் ஒரு ஆள் தேவைப்பட்டால், அது டிரிக்வேதான் என்று இங்குன் நினைத்திருந்தாள். இப்போது அவரையும் மிஞ்சிவிட்டாள். எந்தப் படக்காட்சியும் இல்லாமல்.

“ஏன் சொல்லல?” என்றாள் விக்டிஸிடம்.

“நீ கேக்கலியே. அதுவுமில்லாம, துக்னாட்ல ஒருத்தி கையில பனிவாரியக் குடுத்தா, ‘நான் அதிகாரி’ன்னு சொல்ல முடியுமா? எங்கம்மா காதுக்குப் போச்சுன்னா என்னை வீட்டுக்குள்ள விடமாட்டா.”

நிலைமை புரியாத ஒரே மனிதரான டிரிக்வே பூங்கொத்தை நீட்டினார். தொண்டையைச் செருமினார். வடக்கு மூலையில் இருப்பது பருவகாலத் தன்மை கொண்ட, தானாகவே கரையும் இயல்புள்ள, தற்காலிக வெண்பரப்பு என்று ஆரம்பித்தார்.

“தெரியும்,” என்றாள் விக்டிஸ். “நாந்தான் கொட்டுனேன்.”

பாதிரியார் இருமினார். அது சிரிப்பு என்பது அவர் சபைக்கு நன்றாகத் தெரியும்.

விக்டிஸ் நாடாவின் ஒரு முனையைத் தீரிலிடம் கொடுத்து அளந்தாள். தான் கொட்டிய பனியைத் தானே காலால் தள்ளி, பாறையின் முனையைக் கண்டுபிடித்து, கோடு வரை அளந்தாள். பிறகு கண்ணாடி வீட்டிலிருந்து தெற்குக் கோடு வரை. இங்குனால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஓட்வாரின் வாஃபிள் அச்சையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“பத்தாது,” என்றாள் விக்டிஸ். “இப்படியே இருந்தா கையெழுத்துப் போட முடியாது. உங்க வாஃபிளுக்காகவும் முடியாது, நல்லாத்தான் இருந்துச்சு. பாறை போகணும், இல்ல பெவிலியன் போகணும். பெவிலியன் போச்சுன்னா கோட்டப் பழைய எடத்துலயே போடலாம். என் படகு மூணு மணிக்கு.”

மைதானம் மௌனமாயிற்று. சம்மத மௌனம். எல்லோரும் வழக்கம் போல அபிப்பிராயத்தைக் கார் நிறுத்துமிடத்துக்கு எடுத்துப் போகத் தயாரானார்கள். கார் நிறுத்துமிடத்தில் பேசி முடிப்பதற்குள் மூன்று மணிப் படகு போய்விடும் என்பது இங்குனுக்கு உறைத்தது.

“டிரிக்வே,” என்றாள், ஊரே கேட்கும்படி. “உன் தாஜ்மஹாலத் தூக்கணும்.”

ஊர் திரும்பி அவளைப் பார்த்தது. இவ்வளவு பேருக்கு முன்னால் இவ்வளவு நேராக யாரும் பேசி அங்கே கேட்டதில்லை.

“அது அரீனாவோட அடையாளம்!” என்றார் டிரிக்வே. “அதுக்குப் பின்னால ஒரு தொலைநோக்கு இருக்கு!”

“பின்னால கொஞ்சம் எடமும் இருக்கு. அங்கதான் வைக்கப்போறோம். அஸ்திவாரம் இல்ல, வெறும் மரக்கட்டை மேலதான் நிக்குது. மின் இணைப்பக் குடுத்தது நாந்தானே. இப்பக் கழட்டிடறேன்.”

கழற்றினாள். கட்டைகளுக்கடியில் கழிகள் செருகப்பட்டன. ஸ்கார்வொய் ஆட்களுடையவை படகையும் படகு வீட்டையும் தூக்கிப் பழகிய தோள்கள். ஆட்டக்காரிகள் ஒரு பக்கம், புருஷன்மார் ஒரு பக்கம், பாதிரியாரும் பல் டாக்டரும் மூலைக்கு ஒருவர். டிரிக்வே கடைசி முயற்சியாக உள்ளே போய், கண்ணாடிக்குப் பின்னால் இரு கைகளையும் விரித்து நின்றுகொண்டார். அவர் ஏதோ பேசுவது தெரிந்தது, கேட்கவில்லை. கண்ணாடி நல்ல தரம்.

“ஏலே... ஹோய்!” என்றாள் இங்குன்.

பெவிலியன் எழும்பியது. பேசிக்கொண்டிருந்த தலைவரோடு சேர்ந்து எழும்பி, சற்று ஆடி, பின்பக்கமாக நகர ஆரம்பித்தது. அவருடைய பதவிக்காலத்தில் கிளப் இவ்வளவு தெளிவாக அவரை உயர்த்தியதில்லை.

“உள்ள இருக்குறவர் எறங்குனா இன்னும் லேசா இருக்கும்,” என்றாள் விக்டிஸ், தானும் ஒரு கழியைத் தோளில் தாங்கியபடி.

டிரிக்வே இறங்கினார். எல்லோரும் தூக்கிக்கொண்டிருக்கும்போது கோட்டுப் பையில் கைவிட்டு நிற்க அவராலும் முடியவில்லை; என்ன இருந்தாலும் அந்தத் தீவுக்காரர். காலியாக இருந்த மூலையில் தோள் கொடுத்தார். கோட்டின் முதுகுத் தையல் பிரிந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது. யாரும் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. அதைக் கார் நிறுத்துமிடத்துக்கு வைத்துக்கொண்டார்கள்.

வீடு பின்னால் போய் உட்கார்ந்தது. விக்டிஸ் மறுபடி அளந்தாள். பழைய கோட்டின் மங்கிய தடத்திலிருந்து பாறை வரை நாடாவை இழுத்துப் பிடித்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்து, “இருக்கு,” என்றாள். “வெள்ளிக்கிழமைக்குள்ள கோடு போட்டுப் படம் அனுப்பணும். அனுப்பலேன்னா நானே வந்து நிப்பேன், பூங்கொத்து வேணாம்.” வாஃபிள் மேஜையிலேயே கையெழுத்திட்டாள்.

பக்கத்தில் டிரிக்வே, கிழிந்த கோட்டோடு வாஃபிள் தின்றபடி பல் டாக்டரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: “நான் ஆரம்பத்துலேருந்தே சொல்லிட்டு வர்றேன், இது ஒரு நகரும் பெவிலியன்னு.”

படகுக்கு இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. விக்டிஸ் கோல் பக்கம் பார்த்தாள். இங்குன் கையுறைகளை மாட்டிக்கொண்டு, முழங்காலை மடக்கி மடக்கிப் பார்த்துக்கொண்டு, கம்பங்களுக்கு நடுவே நின்றிருந்தாள்.

“ஒரு பெனால்டி அடிக்கட்டுமா?” என்றாள் விக்டிஸ். “நானும் ஒரு காலத்துல ஆடுனவதான்.”

தீரில் பந்தை வைத்தாள். விக்டிஸ் ரப்பர் பூட்ஸோடு பின்னால் போய் நின்றாள்.

“கையெழுத்துப் போட்டாச்சுல்ல?” என்று கத்தினாள் இங்குன்.

“போட்டாச்சு!”

“திருப்பி வாங்க முடியாதே?”

“முடியாது!”

“அப்ப அடி!”

விக்டிஸ் ஓடி வந்து, இடது மூலை பார்த்து, உண்மையாகவே நன்றாக அடித்தாள். இங்குன் ஈரப் புல்லில் நீளமாகப் பாய்ந்து பந்தை விரல் நுனியால் வெளியே தட்டிவிட்டாள். அது வடக்கே உருண்டு, பனி விலகிய பாறை முனையில் மோதி, திரும்பி வந்தது.

இங்குன் முழங்காலைத் தடவிப் பார்த்தபடி எழுந்தாள். “இன்னொண்ணு அடி,” என்றாள்.