ஒவ்வொரு குதிப்புக்கும் ஒரு முகம்

'கர்ஜனை' என்று பட்டப்பெயர் வாங்கிய நடிகரை நாடக வட்டாரத்தில் ஒரு காலத்தில் தெரியாதவர் இல்லை. ராஜாவாக வந்து ஒரு அதட்டல் போட்டால் கடைசி வரிசையில் தூங்குகிறவர்கூட எழுந்து உட்கார்ந்து, யார் என்று பார்த்துவிட்டு, மறுபடி தூங்குவார். இப்போது நாடகமும் இல்லை, ராஜாவும் இல்லை. மகள் வீட்டில் ஒரு அறையும் மருமகனின் அன்பும்தான் மிச்சம்.

அந்த அன்பு கொஞ்சம் ஆபத்தானது. "சும்மாவே இருந்தா உடம்புக்கு ஆகாது மாமா. நம்ம ஃப்ரெண்டோட பெயின்ட் கடையில கல்லாவுக்கு ஆள் தேடுறான். உக்காந்த வேலை."

கல்லாவில் உட்கார்ந்தால் கர்ஜனை அதோடு நடிகர் இல்லை. அது அவருக்கும் தெரியும், மருமகனுக்கும் தெரியும்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு இளம் டைரக்டர் போன் செய்தார். "மூட்டெல்லாம் நல்லா இருக்கா சார்?" என்பதே முதல் கேள்வி. கர்ஜனை அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஹீரோ வேஷம் என்று வீட்டில் அறிவித்தார். பெயின்ட் கடைப் பேச்சு படம் வரும்வரை நின்றது.

"நான் படம் எடுக்கிறதில்ல. பொருள்களோட மௌனத்த மொழிபெயர்க்கிறேன்" என்றார் டைரக்டர். மொழிபெயர்ப்பு நடந்த இடம் ஒரு பழைய கிடங்கின் பின்சந்து. ஒரு நாற்காலி, ஒரு வாளி, ஒரு குடை. விரலளவு நகர்த்தி ஒரு போட்டோ, மறுபடி நகர்த்தி ஒரு போட்டோ. எல்லாவற்றையும் கோத்து ஓட்டினால் வாளி தானாக நடக்கும். ஸ்டாப் மோஷன் என்றார்கள்.

கர்ஜனைக்கு வேலை குதிப்பது. எகிறி உச்சிக்குப் போனதும் ஒரு கிளிக். இறங்கி, அரையடி தள்ளி நின்று மறுபடி எகிற வேண்டும். கோத்துப் பார்த்தால் மனிதர் தரையில் கால் படாமல் சந்து முழுக்க மிதந்து போவார்.

கேமராவைத் தரையோடு தரையாக வைத்திருந்தார்கள். கர்ஜனைக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கீழேயிருந்து எடுப்பது எதற்கு? ஹீரோவை மலை மாதிரி காட்டத்தானே!

அதனால் ஒவ்வொரு குதிப்புக்கும் ஒரு முகம் கொடுத்தார். குழாயடியில் காதல், மின்கம்பத்தருகே வீரம், குப்பைத் தொட்டியைத் தாண்டுகையில் தாங்க முடியாத சோகம். டைரக்டர் கொடுத்த ஷூ கடித்த கடிக்கு, சோகம் தானாகவே வந்தது.

"எடுத்தத ஒரு தடவ பாக்கலாமா தம்பி?"

"தன்னையே பாத்துட்ட நடிகன் செத்தான் சார். குதிங்க."

வலது முழங்கால் பந்துபோல வீங்கியது. மகள் தினமும் காலையில் திட்டிக்கொண்டே பேண்டேஜ் சுற்றி, முனையில் தன் பச்சை ஊக்கைக் குத்தி அனுப்பினாள். "இந்த வயசுல யாருப்பா உங்கள எகிறச் சொன்னா?"

"படத்தப் பாத்துட்டுப் பேசு."

படம் பார்க்க மருமகன் எல்லோரையும் கூட்டி வந்துவிட்டார். பெயின்ட் கடைக்காரரும் வந்திருந்தார். கர்ஜனை சலவைச் சட்டையில் நடுநாயகமாக உட்கார்ந்தார்.

வாளி நடந்தது. குடை வெட்கப்பட்டது. ஒரு ஜோடி ஷூ மிதந்து வந்தது. ஷூவுக்கு மேலே முழங்கால்வரை பேன்ட். அதற்கு மேலே ஒன்றுமில்லை. திரை அத்தோடு முடிந்திருந்தது. குழாயடி, மின்கம்பம், குப்பைத் தொட்டி என்று ஷூ போய்க்கொண்டே இருந்தது.

"மாமா, நீங்க எப்ப வருவீங்க?" மருமகன் கிண்டலாகக் கேட்கவில்லை. அதுதான் தாங்கவில்லை.

பேன்டின் அடியிலிருந்து, முழங்காலிலிருந்து அவிழ்ந்து தொங்கிய பேண்டேஜ் நுனி எட்டிப் பார்த்தது. அதில் பச்சை ஊக்கு. மகள் அவர் கையைப் பிடித்தாள். "அப்பா... அது நீங்கதானேப்பா?"

"யார் காலோ. என் சீனெல்லாம் வெட்டிட்டாங்க போல."

விளக்கு எரிந்தது. டைரக்டர் மேடையேறி, வெல்வெட் துணியில் சுற்றிய அந்த ஷூவை உயர்த்திப் பிடித்தார். "என் கதாநாயகன்!" கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. மருமகனும் தட்டினார். பின்வரிசையில் ஒருவர், "எல்லாம் கம்ப்யூட்டர்ல பண்றதுதான்" என்றார்.

கர்ஜனைக்கு மட்டும் எழுந்திருக்க முடியவில்லை. முழங்கால் மடங்கினது மடங்கினபடியே இருந்தது. பக்கத்து இருக்கையைப் பிடித்துக்கொண்டு பெயின்ட் கடைக்காரரிடம் திரும்பினார்.

"கல்லாவுல முதுகு சாயற நாற்காலியா, ஸ்டூலா?"