ஊரை விடக் கனமான மேடை

குரேதானி ஊர் முப்பத்தொன்பது மணி நேரம் மேற்கு பார்த்து நின்றது. அதற்கு முன்னால் அது எப்போதும் கிழக்கு பார்த்த ஊர். சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு, புதிய பருவத்துக்கான முதல் நாடக ஒத்திகை முடியப்போகும் நேரத்தில், அது அரைவட்டம் திரும்பியது. திங்கள்கிழமை காலை ஏழு மணிக்குப் பழையபடி வந்து நின்றது. யாருக்கும் அடிபடவில்லை. எந்த வீட்டு அலமாரியிலிருந்தும் ஒரு கிண்ணம்கூட விழவில்லை.

மலையில் அன்று பனிமூட்டம் என்பதால் முதலில் ஒருவரும் கவனிக்கவில்லை. மூட்டம் விலகி, தோபிடா வீட்டுச் சமையலறைக்குள் சாயங்கால வெயில் விழுந்தபோதுதான் விஷயம் தெரிந்தது. அந்தச் சமையலறை கட்டிய நாளிலிருந்து சாயங்கால வெயிலைக் கண்டதில்லை. தோபிடாவின் மனைவி நறுக்கிக்கொண்டிருந்த முள்ளங்கியை அப்படியே வைத்துவிட்டு வெளியே வந்து பார்த்தார். மூங்கில் மலை இருக்க வேண்டிய இடத்தில் தேவதாரு மலை இருந்தது. அடுத்த வீட்டுக்காரியைக் கூப்பிட்டார்.

"ஏங்க, உங்க வீட்டுக்குப் பின்னால இப்ப என்ன மலை தெரியுது?"

"நேத்து வரைக்கும் முன்னால இருந்த மலை."

"எங்க வீட்டுக்கும் அதேதான்."

"சரி, துணியை எடுத்து இந்தப் பக்கம் போடுங்க. இன்னும் கொஞ்ச நேரம் வெயில் இருக்கும் போல."

குரேதானி இரண்டு மலைகளுக்கு நடுவே தாம்பாளம் மாதிரி வட்டமான சமதளத்தில் இருக்கிறது. கீழ்ப்பாலம் வழியாக வரும் சாலை ஊரை நேராகக் கடந்து மேல்பாலம் வழியாக வெளியேறும். சரியாக அரைவட்டம் என்பதால் இரண்டு முனையிலும் சாலை பிசகில்லாமல் பொருந்திக்கொண்டது. ஞாயிறு காலை வந்த பேருந்து மட்டும் கடைசி நிறுத்தத்துக்கு முதலில் வந்து சேர்ந்தது. ஓட்டுநர் சற்று யோசித்தார். பிறகு நிறுத்தங்களின் பெயர்களைத் தலைகீழ் வரிசையில் அறிவித்துக்கொண்டே போனார். பேருந்தில் யாரும் இல்லை. இல்லாவிட்டாலும் அறிவிப்பது விதி.

ஊர் திரும்பிய நேரத்தில் மேடைக்கு அடியில் இருந்தவள் கினுகோ. ஐம்பத்தாறு வயது. கூட்டுறவுக் கொட்டகையில் யூசு எலுமிச்சைகளைப் பெரியது, சிறியது, வடுப்பட்டது என்று பிரித்துப் போடும் வேலை. கல்யாணம் ஆகவில்லை. அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்துப் போன பிறகு வீட்டில் அவள் மட்டும்தான். மாலையில் கதவைத் திறக்கும்போது, அந்த ஊர் வழக்கப்படி, "வந்துட்டேன்" என்று உள்ளே பார்த்துச் சொல்வதைச் சில வருஷம் தொடர்ந்தாள். பிறகு விட்டுவிட்டாள். விட்டதால் ஒன்றும் ஆகவில்லை.

ஊரின் நாடகக் குழுவில் யாருக்கும் சம்பளம் கிடையாது. பெட்ரோல் நிலையம் வைத்திருக்கும் ஓகுராதான் இளவரசி. மருத்துவமனை நர்ஸ் ஒப்பனை. குழுத் தலைவர் முரோதானி, பள்ளிக்கூடத்தை மூடும்வரை அங்கே விஞ்ஞானம் கற்றுக்கொடுத்தவர். இலையுதிர் காலத்தில் ஒரே ஒரு நாள் ஆட்டம். அதற்கு இரண்டு மாத ஒத்திகை. மேடையின் நடுவில் மரத்தால் ஆன பெரிய வட்டம் ஒன்று உண்டு. முன்பாதியில் அரண்மனை கட்டியிருப்பார்கள், பின்பாதியில் காடு. முரோதானி கையிலுள்ள கட்டையால் மேடைத் தரையில் இரண்டு தட்டுத் தட்டினால், கீழே குழிக்குள் இருக்கும் நான்கு பேர் நான்கு கைமரங்களில் நெஞ்சை வைத்துத் தள்ளுவார்கள். அரண்மனை பின்னால் போய்க் காடு முன்னால் வரும். அந்தக் குழிக்கு நரகம் என்று பெயர். அந்த நாட்டில் பழைய மேடைகள் எல்லாவற்றிலும் அதை அப்படித்தான் சொல்கிறார்கள். ஒத்திகைக்கு முன்னால் முரோதானி, "நரகம் ரெடியா?" என்று கேட்பார். கினுகோ, "ரெடி" என்பாள்.

கினுகோ நரகத்துக்கு வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. தன்னை யாராவது பார்த்துக்கொண்டே இருந்தால் அவளுக்குக் கைகால் எங்கே வைப்பது என்று தெரியாது. அதனால் கீழே அனுப்பினார்கள். அவளுக்கு அது பிடித்துப்போயிற்று. மேலே நடக்கும் நாடகத்தை அவள் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. ஆனால் அந்த இரண்டு தட்டு அவளுக்கானது. வருஷம் முழுவதும் வேறு யாரும் எதற்காகவும் அவளைக் கூப்பிட்டுத் தட்டியதில்லை. ஆட்டத்தை நகரத்து அரங்கத்துக்கு மாற்றிவிடலாம், அங்கே மோட்டார் வைத்த மேடை இருக்கிறது, பொத்தானை அழுத்தினால் போதும் என்று குழுவில் சிலர் சொல்லிவந்தார்கள். முரோதானி ஒரே பதில்தான் வைத்திருந்தார்: "நரகத்துல நாலு பேர் இருக்கற வரைக்கும் நாம எங்கேயும் போகலை."

நரகத்தில் நாலு பேர் இல்லை என்பது கினுகோவுக்கு மட்டும்தான் தெரியும்.

முதலில் விலகியவர் மரம் வெட்டும் இவாசே. போன வருஷ ஆட்டம் முடிந்த கையோடு இடுப்பில் ஏதோ பிசகிவிட்டது. வெட்டுமரத்தைத் தோளில் சுமந்தவர் என்று ஊரெல்லாம் பேசும்போது இடுப்பு என்று எப்படிச் சொல்வது? கினுகோவைத் தனியாகப் பிடித்து, "மூணு பேர் போதும்ல? யார்கிட்டயும் மூச்சு விடாத" என்றார். ஒத்திகை நாட்களில் வீட்டில் நரகம் என்று சொல்லிவிட்டுக் கோயிலுக்குப் பின்னால் போய்ப் படுத்துக்கொண்டார். குளிர்காலத்தில் கன்னோ. நகரத்தில் குண்டு உருட்டும் சூதாட்டக் கூடம் ஒன்று திறந்திருந்தது, மனைவிக்குத் தெரியாமல் போய்வர வேறு நேரம் இல்லை. "இவாசேயும் தோபிடாவும் பலசாலிங்கதானே அக்கா" என்றார். இந்த வசந்த காலத்தில் தோபிடா. அவருக்கு ஒரு காரணமும் இல்லை. ஆற்றங்கரையில் சின்ன லாரியை நிறுத்தி, கண்ணாடியை ஏற்றிவிட்டு, ரேடியோவில் பேஸ்பால் கேட்க வேண்டும், அவ்வளவுதான். "வீட்ல சத்தம். நரகத்துலயும் சத்தம்" என்றார். மூன்று பேரும் மற்ற இருவர் அங்கே இருப்பதாகவே நினைத்தார்கள். கினுகோ மூவருக்கும் வாக்குக் கொடுத்திருந்தாள். மூன்று பேர் விலகியதை ஒருவரிடம் சொன்னால் இருவரிடம் கொடுத்த வாக்குத் தவறும். அதோடு, சொன்னால் நகரத்து மோட்டார் வந்துவிடும்.

ஒத்திகைக்கு ஊர்ப் பெண்கள் சோற்று உருண்டைகளை நான்கு பொட்டலமாகக் கட்டி, குழிக்குள் கூடையில் இறக்குவார்கள். கூடை காலியாகத்தான் மேலே போகும். "நரகத்துல நல்லா பசிக்குது போல" என்று மேலே சிரிப்பார்கள். கினுகோ ஒன்றை அங்கே தின்றுவிட்டு மூன்றைப் பைக்குள் போட்டுக்கொள்வாள். அந்த உருண்டைகளை அவள் புதன்கிழமைவரை சாப்பிட்டாள்.

அந்தச் சனிக்கிழமைதான் அவள் முதல்முதலாகத் தனியாகத் தள்ளினாள். நகராது என்றே நினைத்திருந்தாள். இரண்டு தட்டு விழுந்தது. நெஞ்சைக் கொடுத்தாள். சற்றுநேரம் ஒன்றும் இல்லை. பிறகு கைமரம் லேசாகிவிட்டது. தள்ளி நடப்பது போலவே இல்லை. நின்ற இடத்தில் அவள் நிற்க, தரைதான் காலுக்கடியில் பின்னால் போய்க்கொண்டிருந்தது. மேலே அரண்மனை மறைந்து காடு வந்தது. உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு வழக்கமான காட்சிதான். மேடை திரும்பினாலும், மேடையைச் சுற்றி ஊர் திரும்பினாலும், உட்கார்ந்திருப்பவர் கண்ணுக்கு இரண்டும் ஒன்று.

ஞாயிறு மதியம் பஞ்சாயத்துக் கூடத்தில் கூட்டம் போட்டார்கள். முரோதானி கரும்பலகையில் மேடையின் எடையை எழுதினார். பிறகு ஊரின் எடையை எழுத ஆரம்பித்தார். காலி வீடுகளைச் சேர்க்கவில்லை. காலி வீட்டுக்கு எடை கிடையாது என்பது அவர் ஏற்கெனவே சரிபார்த்த விஷயம். மூடிய பள்ளிக்கூடத்துக்கும் கிடையாது. மிச்சம் ஐம்பத்தேழு பேர், ஒரு பெட்ரோல் நிலையம், ஒரு கொட்டகை, சில நாய்கள். கூட்டிக் கோடு போட்டு, சுண்ணக்கட்டியைக் கீழே வைத்தார்.

"ஊரை விட மேடை கனமாயிடுச்சு. தள்ளுனா எது லேசோ அதுதான் நகரும். இதுல மேடை மேல தப்பு இல்லை."

யாரும் மறுக்கவில்லை. ஓகுரா மட்டும், "என்னைச் சேர்த்தீங்களா? நான் எண்பது கிலோ" என்றார்.

"உங்களை மேடைக் கணக்குல வச்சிருக்கேன் இளவரசி."

சிரிப்பு அடங்கியதும் முரோதானி நரகத்துக்காரர்களைப் பார்த்தார். "உங்களுக்குக் கீழ ஏதாவது வித்தியாசம் தெரிஞ்சுதா?"

இவாசே தொண்டையைச் செருமினார். "எங்களுக்கா? இல்ல. எப்பவும் போலத்தான் தள்ளுனோம்." கன்னோ, "கொஞ்சம் புழுக்கமா இருந்துச்சு" என்றார். தோபிடா தலையை ஆட்டினார். அவர் மனைவி எழுந்து, "இவர் சட்டையைப் பிழிஞ்சா ஒரு வாளி வேர்வை" என்று பெருமையாகச் சொல்லி உட்கார்ந்தார். மூவரும் மற்ற இருவரையும் நன்றியோடு பார்த்துக்கொண்டார்கள். கினுகோ தன் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மற்ற ஐம்பத்தாறு பேரும் இருக்கும் கூடத்தில், கீழே நடந்ததைத் தெரிந்தவள் தான் ஒருத்திதான் என்பது அவளுக்குக் குழிக்குள் இருப்பதை விடத் தனியாக இருந்தது.

திங்கள் விடுமுறை. காலை ஏழு மணிக்கு முரோதானி மேடையில் நின்று இரண்டு தட்டுத் தட்டினார். மலைகள் தத்தம் இடத்துக்கு வந்தன. அதன்பிறகு ஒவ்வொரு ஒத்திகை முடிந்ததும் ஊரைத் திருப்பி வைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவது என்று முடிவாயிற்று. விளக்கை அணைத்தாச்சா என்று கேட்பதுபோல, "ஊரைத் திருப்பியாச்சா?" என்று கேட்டுக்கொண்டார்கள். தோபிடாவின் மனைவி சமையலறை வெயிலுக்காக மாதத்தில் ஒரு வாரம் ஊரை அப்படியே விடும்படி மனு கொடுத்தார். யூசு மரங்கள் அந்த வருஷம் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி பழுத்தன. பேருந்து ஓட்டுநர் ஒத்திகை அட்டவணையைக் கேட்டு வாங்கிப்போனார்.

செய்தித்தாளில் நான்கு வரி வந்தது. அது போதுமாக இருந்தது. ஊரை விட்டுப் போனவர்களின் பிள்ளைகள், பேரன்கள், கேள்விப்பட்ட யார் யாரோ, ஆட்டத்துக்கு வருவதாகத் தொலைபேசியில் சொன்னார்கள். நானூறு என்றார்கள், பிறகு அறுநூறு என்றார்கள். முரோதானி சந்தோஷப்பட்டார். "அன்னைக்கு ஊர் கனமாயிடும். ஊர் நிக்கும், மேடை திரும்பும். பழைய காலம் மாதிரி. நாலு பேர் தள்ளினா கச்சிதமா இருக்கும்."

அன்று இரவு கினுகோ உருண்டையைச் சாப்பிடவில்லை. மறுநாள் இவாசே வீட்டுக்குப் போனாள். அவர் வாசலில் ரம்பத்துக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார்.

"இந்த வருஷம் மட்டும் ஆட்டத்தன்னைக்கு வர முடியுமா?"

"என் இடுப்பு உனக்குத் தெரியாதா அக்கா? தோபிடாவும் கன்னோவும் இருக்காங்கல்ல?"

கினுகோ ரம்பத்தின் பற்களைப் பார்த்தாள். "இருக்காங்க" என்றாள்.

"அப்புறம் என்ன?"

கன்னோவிடமும் இதே பேச்சுதான் நடந்தது, சற்று வேகமாக. தோபிடாவின் லாரிக்குப் பக்கத்தில் போய் நின்றாள். கண்ணாடிக்குள் அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். ரேடியோவில் பேஸ்பாலின் கடைசிச் சுற்று ஓடிக்கொண்டிருந்தது. அவள் கண்ணாடியைத் தட்டவில்லை.

ஆட்டத்தன்று காலையிலிருந்து பேருந்துகள் கீழ்ப்பாலத்தைத் தாண்டி வந்தன. கினுகோ சீக்கிரமே குழிக்குள் இறங்கிவிட்டாள். ஒவ்வொரு வண்டிக்கும் காலடியில் தரை இறுகுவது அவளுக்குத் தெரிந்தது. காலையில் பலகை மாதிரி இருந்தது, மதியத்துக்குள் பாறையாகிவிட்டது. காலி வீடுகளைத் திறந்து பெருக்கினார்கள், அவற்றுக்கும் எடை வந்தது. மழை வந்தால் பாதிப் பேர் கிளம்பிவிடுவார்கள் என்று நினைத்தாள். வானம் சுத்தமாக இருந்தது. கூடையில் நான்கு பொட்டலம் இறங்கியது.

"நரகம் ரெடியா?"

"ரெடி" என்றாள். வேறு வார்த்தை வரவில்லை.

அரண்மனைக் காட்சி நன்றாகப் போயிற்று. ஓகுராவின் கனத்த காலடிகள் அவள் தலைக்கு மேலே இளவரசியாக நடந்து, நின்று, அழுதன. அறுநூறு பேர் மூச்சைப் பிடித்தது கீழேவரை கேட்டது. இளவரசி காட்டுக்கு ஓட வேண்டிய இடம் வந்தது. இரண்டு தட்டு.

கினுகோ நெஞ்சைக் கொடுத்தாள். மேடை நகரவில்லை. ஊரும் நகரவில்லை. இத்தனை பேர் வந்திருக்கும்போது ஊர் நகராதுதான், அதில் ஆச்சரியம் இல்லை. அடுத்த கைமரத்துக்கு ஓடித் தள்ளினாள். அதற்கடுத்ததற்கு ஓடினாள். நான்கையும் தள்ளிப் பார்த்துவிட்டு முதலாவதற்கே வந்தாள். உள்ளங்கைத் தோல் உரிந்தது. மேலே ஓகுரா அழுகையை நீட்டிக்கொண்டிருந்தார். அழுவதற்கு இனி வரிகள் இல்லை, அதனால் முதலிலிருந்து அழுதார். மறுபடி இரண்டு தட்டு, சற்று மெதுவாக, கேட்கிறதா என்று கேட்பதுபோல. கூட்டத்தில் யாரோ இருமினார்கள். ஒரு குழந்தை, "ஏன் நிக்குது?" என்று கேட்டது.

அவள் கைமரத்தை விட்டாள். சோற்றுக் கூடையைக் கவிழ்த்து அதன்மேல் ஏறினாள். பலகைகளுக்கு இடையே விரல் அகல வெளிச்சம் விழுந்துகொண்டிருந்தது. வாயை அதன் அருகே கொண்டுபோனாள். மூன்று வாக்குகளும் ஒன்றன்பின் ஒன்றாக நினைவுக்கு வந்தன, போயின.

"சார்" என்றாள். முரோதானியின் கட்டை அசையாமல் நின்றது. ஓகுராவும் அழுகையை நிறுத்தினார்.

"சார், கீழ நான் ஒருத்திதான் இருக்கேன்."