நல்ல தண்ணியில் உளுத்த படகு

சின்ன வீடு வைத்திருக்கும் ஆண்களின் மனைவிமாருக்குச் சண்டை போடவாவது ஓர் ஆள் இருக்கிறாள். எனக்கு வாய்த்தது பத்தொன்பது அடி நீளத்தில் ஒரு பழைய விசைப்படகு. அதன் முடியைப் பிடித்து இழுக்க முடியாது. அதைப் பெற்றவர்களைக் கூப்பிட்டு நியாயம் கேட்கவும் முடியாது. சின்ன வீடு என்று அதற்குப் பெயர் வைத்தது என் தம்பி. அவனும் இவரோடு சேர்ந்து போய், அதே கடையில், அச்சு அசலாக அதே மாதிரி ஒரு படகு வாங்கியவன்தான். இவர் என்றால் என் வீட்டுக்காரர்.

இரண்டு படகுகளும் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் தகரக் கொட்டகையில், சக்கர வண்டிகளின் மேல் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். கடலுக்குப் போய் வந்தால் தம்பி தன்னுடையதை அப்படியே உள்ளே தள்ளிவிட்டுப் போய்விடுவான். அது உப்புப் பூத்து, மீன் செதில் ஒட்டி, நாற்றம் பிடித்துக் கிடக்கும். இவர் அப்படியில்லை. குழாயைப் போட்டு நல்ல தண்ணியில் முதலில் வெளிப்பக்கம், பிறகு உள்பக்கம், அதன் பிறகு தரையில் இருக்கும் மூடியைத் திறந்து படகின் வயிற்றுக்குள்ளும் விட்டு அலசுவார். நாங்கள் பெற்ற பெண்ணை இவர் ஒருநாள் குளிப்பாட்டி நான் பார்த்ததில்லை.

"உப்பு தின்னுடும் மாப்ள. இப்படிப் போட்டு வைக்காத," என்பார் தம்பியிடம்.

"தின்னுட்டுப் போகட்டும் மாமா. அதுக்கும் பசிக்கும்ல," என்பான் அவன்.

இந்தப் பேச்சை நான் எத்தனை தடவை கேட்டேனோ. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பேன்.

போன வருடம் இவர் வேலை பார்த்த கம்பெனி எங்கள் ஊர்க் கிளையை இழுத்து மூடியது. ஒரு மாலையைப் போட்டு, ஒரு சுவர்க்கடிகாரத்தைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். வந்து படுத்தவர் படுத்தவர்தான். சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார். நான் காலையில் வேலைக்குப் போகும்போது எந்தப் பக்கம் திரும்பியிருந்தாரோ, சாயங்காலம் வரும்போதும் அதே பக்கம். பிளாஸ்கில் ஊற்றி வைத்த டீ ஊற்றினபடியே இருக்கும். டாக்டர் வந்து பார்த்துவிட்டு உடம்பில் ஒன்றுமில்லை என்றார். அதுதான் எங்களுக்கே தெரியுமே. நான் மருந்துக்கடையில் நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை பார்க்கிறவள். ஊருக்கெல்லாம் மாத்திரை எடுத்துக் கொடுக்கிற எனக்கு இவருக்கு எதைக் கொடுப்பது என்று தெரியவில்லை. பயமாக இருந்தது. இரவில் மூச்சு வருகிறதா என்று முதுகைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பேன்.

தம்பியின் நச்சரிப்பு தாங்காமல் ஒருநாள் கொட்டகைக்குப் போனவர், திரும்பி வந்தபோது முகம் வேறாக இருந்தது.

"தரை அமுங்குது," என்றார்.

"எந்தத் தரை?"

"படகோட தரை. கால வச்சா அமுங்குது. உள்ள பலகை உளுத்திருக்கு போல. பிரிச்சுப் பாக்கணும்."

நல்ல செய்தி சொல்வது போலச் சொன்னார். எனக்கும் அது நல்ல செய்தியாகத்தான் பட்டது. படுக்கையை விட்டு எழுப்ப ஒரு உளுத்த பலகை வந்ததே என்று மனதுக்குள் கும்பிட்டேன். ரெண்டே வாரத்து வேலை என்றார். அந்த ரெண்டு வாரம் மாதக்கணக்காக நீண்டது.

அந்த மாதிரிப் படகைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வெளியே பார்த்தால் எல்லாம் பைபர், வழவழவென்று இருக்கும். உள்ளே அதைத் தாங்கி நிற்பது மரம். அடியில் நீளவாக்கில் ஓடும் விட்டங்கள், அதன் மேல் தரைப்பலகை, பின்னால் எஞ்சின் தொங்கும் பின்பலகை. எல்லா மரத்தையும் பைபர் போட்டுப் போர்த்தி மூடியிருப்பார்கள். அதனால் உள்ளே என்ன நடக்கிறது என்று யாருக்கும் தெரியாது. நம் வீட்டு உறவுமுறை மாதிரிதான்.

இவர் தரையை வெட்டி எடுத்தார். பைபர் தூள் வீடெல்லாம் பறந்தது. அது தோலில் பட்டால் போதும், சொறிந்து சொறிந்து ரத்தம் வரும். இவர் துணியைத் தனியாகத் துவைத்தேன். அப்படியும் என் சேலையில், தலையணையில், துண்டில் எல்லாம் அரிப்பு. கடையில் ஒருவருக்கு அரிப்புக்கு மருந்து எடுத்துக் கொடுத்துக்கொண்டே நான் முழங்கையைச் சொறிந்தேன். அவர் என்னையும் மருந்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு வாங்காமல் போய்விட்டார்.

தரைக்குக் கீழே விட்டங்கள் தெரிந்தன. இவர் மரச்சுத்தியலால் தட்டிப் பார்ப்பார். நல்ல மரம் டக்கென்று சொல்லும். கெட்ட மரம் தொப்பென்று சொல்லும். எனக்கு வாசல் வரை கேட்டதெல்லாம் தொப் தொப்தான்.

"கொஞ்சம் ஈரம் இருக்கு. வெயில் பட்டா காஞ்சிடும்," என்று சமாதானம் சொன்னார். எனக்கா, படகுக்கா, தனக்கா என்று தெரியவில்லை.

கடைசியில் தம்பிதான் ஒரு பைபர்காரரைக் கூட்டி வந்தான். வாய் ஓயாத மனிதர். படகைப் பார்ப்பதற்கு முன்னால் தன் மூட்டுவலி, மருமகன், வண்டியின் பிரேக் என்று எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். பிறகு துளை போடும் மெஷினை விட்டத்தில் வைத்து அழுத்தினார். மரத்தூள் வர வேண்டிய இடத்தில் பழுப்புத் தண்ணீர் வழிந்தது. அடைத்த சாக்கடையைத் திறந்த மாதிரி நாற்றம். விரலை விட்டு ஒரு கவளம் எடுத்துக் காட்டினார். பிசைந்த சோறு போல இருந்தது. மற்ற விட்டங்களும் அதே கதைதான். பின்பலகைக்குப் போய் ஒரு திருப்புளியைக் குத்தினார். பிடி வரைக்கும் உள்ளே போய்விட்டது.

"இதுல எஞ்சினத் தொங்கவிட்டு ஓட்டியிருந்தீங்கன்னா, எஞ்சின் ஒரு பக்கம், நீங்க ஒரு பக்கம்," என்றார்.

இவர் முகம் மாறவில்லை. "அது எப்படிங்க? ஒரு தடவைகூட உப்பத் தங்க விட்டதில்லையே. ஒவ்வொரு தடவையும் நல்ல தண்ணி விட்டுக் கழுவியிருக்கேன். உள்ள வரைக்கும்."

பைபர்காரர் சிரித்தார். ஏதோ வரப்போகிறது என்று தெரிந்துவிட்டது. டீ குடிக்கலாம் வாங்க என்று பேச்சை மாற்றப் பார்த்தேன். அவர் விடுகிற ஆளா.

"உள்ள வரைக்கும் விட்டீங்களா? அப்ப நீங்கதான் சார் இதக் கெடுத்தது. உப்பு போட்டு வச்ச பொருள் எங்கயாவது கெட்டுப் போகுமா? கடல் தண்ணி மரத்துல ஊறினா சீக்கிரத்துல உளுக்காது. இரும்பத்தான் திங்கும். ஸ்குரு போட்ட ஓட்டை வழியா உள்ள போன நல்ல தண்ணி இருக்கு பாருங்க, அதுக்கு வெளிய வரவும் வழியில்ல, காயவும் வழியில்ல. பூஞ்சைக்குக் கொண்டாட்டம். நல்ல தண்ணின்னு பேருதான் நல்ல தண்ணி."

சொன்னது போதாது என்று பக்கத்தில் நின்ற தம்பியின் படகில் ஏறினார். அங்கே ஒட்டியிருந்த செதிலையும் உப்பையும் காலால் ஒதுக்கிவிட்டுத் தட்டினார். டக். முன்னால் தட்டினார். டக். பின்பலகையைத் தட்டினார். டக். கடப்பாறையால் தட்டியிருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருக்கும்.

இவரிடம் திட்டு வாங்கியே வளர்ந்தவன் என் தம்பி. ஒருநாளாவது ஜெயிக்க வேண்டும் என்று அவனுக்கும் இருந்திருக்கும். அவன் சிரிக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, தன் படகின் விளிம்பில் இருந்த உப்பை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தான்.

"மாமா, என் படக நீங்களே வச்சுக்கங்க. நான் எங்க போறேன் இப்பல்லாம்," என்றான்.

"எனக்கு எதுக்கு மாப்ள," என்றார் இவர். சுத்தியலை எடுத்துத் துடைத்து, அதன் இடத்தில் வைத்தார். வீட்டுக்குள் போனார். செருப்பைக் கழற்றினார். சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார்.

நான் எல்லாம் செய்து பார்த்தேன். கெஞ்சினேன். திட்டினேன். பெண்ணைப் போனில் பேச வைத்தேன். "ம்" என்பார், "சரிம்மா" என்பார், போனைத் திருப்பித் தந்துவிடுவார். ஒருநாள் மட்டும் தானாகப் பேசினார்.

"பாத்துப் பாத்துக் கெடுத்திருக்கேன்," என்றார் சுவரிடம்.

"ஒரு படகுதானே. போனாப் போகுது."

அவர் சொன்னது படகை மட்டுமா என்று கேட்க எனக்குத் தெம்பில்லை. காலெல்லாம் வீங்கியிருந்தது. அடுப்பைத் துடைக்க வேண்டும், காலையில் கடை திறக்க வேண்டும். கவலைப்படுவதற்கும் உடம்பில் கொஞ்சம் பலம் வேண்டியிருக்கிறது. அது என்னிடம் தீர்ந்துபோயிருந்தது.

ஒன்றைக் கவனித்தேன். குளியலறைக்குப் போகும் வழியில் ஒரு ஜன்னல். அதில் கொட்டகை தெரியும், தரை பெயர்ந்து வயிறு திறந்து கிடக்கும் படகு தெரியும். எழுந்து போகிறவர் அதைப் பார்ப்பார். உடனே திரும்பிப் படுக்கைக்கே வந்துவிடுவார். இது கண்ணில் பட்டுக்கொண்டிருக்கும்வரை இவர் எழுந்திருக்கப் போவதில்லை என்று தோன்றியது. தம்பிக்குப் போன் செய்தேன்.

"இந்தச் சனியன யாராவது எடுத்துட்டுப் போவாங்களாடா?"

"முழுசா யாரும் எடுக்க மாட்டாங்கக்கா. துண்டு போட்டு வச்சா குப்பை லாரிக்காரர் ஏத்திக்குவார். ஞாயித்துக்கிழமை கூட்டிட்டு வரேன். நான் வந்து வெட்டட்டுமா?"

"நீ லாரியோட வா. வெட்டுறத நான் பாத்துக்கறேன்," என்றேன். எனக்கு அதை என் கையால் வெட்ட வேண்டும் போலிருந்தது. அவ்வளவு கோபம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் இவருடைய முகமூடியை மாட்டிக்கொண்டு, கையுறையை மாட்டிக்கொண்டு, வெட்டும் மெஷினோடு கொட்டகைக்குப் போனேன். எங்கெங்கே வெட்டித் துண்டு போடுவது என்று சாக்பீஸால் படகு முழுக்கக் கோடு போட்டேன். வாசலுக்கு அருகில் இருந்தது படகின் பின்பக்கம். எனவே அங்கேயே ஆரம்பித்தேன். மெஷின் என் கையிலிருந்து துள்ளியது. வெள்ளைத் தூள் பொங்கிக் கண்ணை மறைத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு வெளிப்பக்கத்துப் பைபரில் ஒரு கோட்டை இழுத்தேன். முகமூடிக்குள் அழுதுகொண்டிருந்தேன். உடைந்துபோன மனிதரை வைத்துக்கொண்டு வாழத் தெரியாமல், உடைந்துபோன படகை வெட்டுகிறேன் என்று எனக்கே தெரிந்திருந்தது.

தோளில் ஒரு கை பட்டது. மெஷினை நிறுத்தினேன். பனியனோடு, தலை கலைந்து, நின்றுகொண்டிருந்தார். கத்தப் போகிறார் என்று நினைத்தேன்.

"ரெண்டு கையாலயும் பிடிக்கணும். இப்படிப் பிடிச்சா விரல் போயிடும்," என்றார்.

குனிந்து நான் வெட்டிய இடத்தைப் பார்த்தார். தூளை ஊதிவிட்டு, பிளவில் விரலை ஓட்டினார்.

"உள்ளேருந்து பின்பலகைய எடுக்கவே முடியாதுன்னு நெனச்சுட்டிருந்தேன். வெளியேருந்து வெட்டினா மேல்தோலு மட்டும் கழண்டு வந்துடும். புதுப் பலகைய வச்சுட்டு அந்தத் தோலயே திருப்பி ஒட்டிடலாம். உனக்கு யார் சொன்னா?"

"யாரும் சொல்லல."

"நீயா யோசிச்சியா?"

இல்லை என்று சொல்ல மனசு வரவில்லை. அவர் என்னைப் பார்த்த பார்வை அப்படி இருந்தது. கல்யாணமான புதிதில்கூட இவர் என்னை அப்படிப் பார்த்த ஞாபகம் இல்லை.

"இந்தப் படகு சரியாகும்னு நான்கூட நம்பல. நீ நம்பியிருக்க," என்றார். பிறகு நிமிர்ந்து கொட்டகையைச் சுற்றிப் பார்த்தார். "இந்தக் கோடெல்லாம் எதுக்கு?"

"அளவு பாத்தேன்," என்றேன். கையுறையோடு பக்கத்தில் இருந்த கோட்டைத் தேய்த்து அழித்தேன்.

அந்த நேரம் பார்த்து வெளியே லாரி வந்து நின்றது. தம்பி இறங்கி ஓடி வந்தான். "அக்கா, வெட்டிட்டியா," என்று ஆரம்பித்தவன் இவரைப் பார்த்ததும் வாயைத் திறந்தபடி நின்றான்.

"லாரி எதுக்கு?" என்றார் இவர்.

தம்பி என்னைப் பார்த்தான். நான் முகமூடியை மேலே தூக்கினேன். இப்போது ஒரு வார்த்தை உண்மை பேசினால் போதும். கொட்டகை காலியாகும், துணியில் அரிப்பு போகும், ஞாயிற்றுக்கிழமைகளில் நான் காலை நீட்டிப் படுக்கலாம். எனக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது.

"பலகை ஏத்திட்டு வரத்தான்," என்றேன். "பின்பலகைக்கு, விட்டத்துக்கு, தரைக்கு. எல்லாத்துக்கும் சேத்து வாங்கணும்ல. அதான் தம்பிகிட்டச் சொல்லி வச்சேன். என்னடா முழிக்கிற? போய்ட்டு வா."

தம்பி தலையை ஆட்டினான். குப்பை ஏற்ற வந்த லாரிக்காரரிடம் போய் என்ன சொன்னானோ, அவர் எங்கள் பக்கம் ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு வண்டியைத் திருப்பினார்.

இவர் மெஷினை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். பிறகு என்ன நினைத்தாரோ, திருப்பி என்னிடமே கொடுத்தார்.

"நீ ஆரம்பிச்சது. நீயே வெட்டு. நான் பிடிச்சுக்கறேன்," என்றார்.

கால் வலித்தது. ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.