முகாம் இருந்த இடத்தில் அடுக்குமாடி

அன்று காலை கம்ப்யூட்டரைத் திறந்ததுமே எனக்கு ரத்தம் தலைக்கேறியது. மதியம் அச்சுக்குப் போகவேண்டிய நகராட்சியின் வெள்ள மேப் அது. வெள்ளம் வந்தால் ஜனங்கள் போய்த் தங்க வேண்டிய பள்ளிக்கூடங்களுக்கெல்லாம், மேலே கூரையும் கீழே மூன்று தலைகளுமாய் ஒரு சின்ன முகாம் படத்தை நானே வரைந்து வைத்திருந்தேன். இப்போது அத்தனை இடத்திலும் பெரிதாய், சிவப்பாக ஓர் அடுக்குமாடிக் கட்டிடம் நின்றது. அது வீடு கட்டி விற்கும் ஒரு கம்பெனியின் சின்னம். அவர்களுக்கு விளம்பர மேப் போட்டுக்கொடுப்பதும் நாங்கள்தான்.

படம் மட்டும் மாறியிருந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருப்பேன். எங்கள் சாஃப்ட்வேரில் படம் பெரிதானால் பக்கத்திலுள்ள பெயர்கள் தாமாகவே ஒதுங்கும். ஒதுங்க இடமில்லாவிட்டால் மறைந்துவிடும். நெருக்கமான பகுதிகளில் ஒவ்வொரு தெருப் பெயரையும் சாய்த்து, வளைத்து, கோட்டின் மேல் ஏறாமல் பார்த்துப் பார்த்து வைத்திருந்தேன். அதில் பாதியைக் காணோம். பள்ளத்தில் இருக்கும் என் தங்கையின் தெருவையும் காணோம். படுத்த படுக்கையாய் இருக்கும் மாமியாரைத் தூக்கிக்கொண்டு எந்தப் பக்கம் போவது என்று அவள் பார்க்கவேண்டிய மேப்.

படங்கள் இருக்கும் பொது ஃபோல்டரைப் பார்த்துக்கொள்பவன் டிப்டாப். எதையும் அடுக்கி வைக்காவிட்டால் அவனுக்குத் தூக்கம் வராது, அதனால் அந்தப் பெயர்.

"முகாம் படத்த என்னடா பண்ண?"

"ஒண்ணும் பண்ணலியேக்கா. கூரை போட்ட உங்க படம் வீடுன்ற பேர்ல இருந்துச்சு. கம்பெனி படத்தயும் அதே பேர்ல சேவ் பண்ணிட்டேன். எதுக்கு ரெண்டு வீடு, ஃபோல்டர் சுத்தமா இருக்கட்டுமேன்னு."

எல்லா மேப்புக்கும் அந்த ஒரு ஃபோல்டரிலிருந்துதான் படம் போகிறது. அங்கே ஒன்றை மாற்றினால் எல்லாவற்றிலும் மாறும். அவனுக்கும் இது தெரியும், சுத்தம் செய்கிற ஆவேசத்தில் மறந்துவிட்டான். அவனைத் திட்டி ஆகப்போவது என்ன, மறுபடி வரைந்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். அதற்குள் முதலாளி பின்னால் வந்து நின்றார்.

"அட, நல்லா இருக்கே. அப்படியே விடும்மா."

"சார், இது முகாம். இதுல கம்பெனி சின்னம் நிக்குது."

"நிக்கட்டுமே. நமக்குச் சோறு போடுறவங்க. ஜனங்க மேல அவங்களுக்கும் அக்கறை இருக்குன்னு காட்டுன மாதிரி ஆச்சு. ஒரே கல்லுல ரெண்டு மாங்கா."

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை. "தெருப் பேரெல்லாம் போயிடுச்சு சார்" என்றேன்.

"அவங்கவங்க தெரு அவங்கவங்களுக்குத் தெரியாதா?"

தெரு தெரியும், தண்ணீர் ஏறாத வழிதான் தெரியாது என்று நான் சொல்லி முடிப்பதற்குள் அவர் தன் அறைக்குப் போய் அச்சகத்துக்கு அனுப்பியே விட்டார். பின்னாலேயே போய்க் கத்தினேன். "சின்ன விஷயத்துக்கெல்லாம் இவ்வளவு கோபப்படாதம்மா, உடம்புக்கு ஆகாது" என்றார். என் உடம்பின் மேல் என்ன கரிசனம். நகராட்சியில் சரிபார்த்தவரோ மேலே இருந்த தலைப்பை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போட்டிருப்பார் போல, ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மேப் வீடுவீடாகப் போய்ச் சேர்ந்த பிறகு தங்கை வீட்டுக்குப் போனேன். வானம் கறுத்துக்கொண்டு வந்தது. மேப்பை அவள் சமையல் மேடையில் எண்ணெய் ஜாடிக்கு அடியில் விரித்திருந்தாள்.

"இது என்னன்னு தெரியுமாடி?"

"வீடு விக்கிறவன் நோட்டீஸு. எல்லா வீட்டுக்கும் போட்டுட்டுப் போனாங்க. தாளு நல்ல கெட்டி."

ஜாடியை நகர்த்திவிட்டு விஷயத்தைச் சொன்னேன். அவள் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு குனிந்து பார்த்தாள்.

"இதுல நாங்க எங்கக்கா இருக்கோம்?"

காட்டினேன். என் விரலுக்கு அடியில் பெயரில்லாத ஒரு கோடுதான் இருந்தது.

"அப்ப மழை வந்தா அத்தையத் தூக்கிட்டு இந்தக் கட்டிடத்துக்கா போகணும்? அங்க வாட்ச்மேன் நம்மள கேட்டுக்குள்ளயே விட மாட்டானே."

பேனாவை எடுத்துச் சிவப்புக் கட்டிடத்தை அடித்துவிட்டுப் பள்ளிக்கூடம் என்று எழுதினேன். தெருப் பெயரை எழுதி, மேட்டு வழியை அழுத்திக் கோடு போட்டேன். பிறகு வெளியே வந்து பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினேன்.

"வீடு விக்கிறவன் நோட்டீஸ் ஒண்ணு வந்துச்சே, அத எடுத்துட்டு வாங்க. குப்பையில போட்டிருந்தாலும் பரவால்ல, எடுங்க."